அறுபத்தொண்ணாம் வருஷத்து ஃபியட்

கார் வாங்க வந்த முத்துராஜ் முதலில் பார்த்தது காரை அல்ல, ஜாக்குலினின் இடது கையை. மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து, நடுவில் ஐஸ் குச்சி வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். துணிக்கு வெளியே தெரிந்த நகங்கள் இரண்டும் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

"கையில என்ன மேடம்?"

"கார் கதவுல மாட்டிக்கிச்சி சார்."

அது உண்மைதான். கதவை அடித்துச் சாத்தியது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

சுண்ணாம்புக்குளத்தில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. 1961ஆம் வருஷத்து ஃபியட். ஜாக்குலினின் அப்பா சவரிமுத்து ஒரு டாக்டரம்மாவுக்காக இருபத்தாறு வருஷம் அதை ஓட்டினார். டாக்டரம்மா வயதாகி ஊரை விட்டுப் போனபோது காரைச் சவரிமுத்துவின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சவரிமுத்து சாவதற்கு முன் அதை மகள் பெயருக்கு மாற்றினார், மகன் பெயருக்கு அல்ல. மகன் ஜெரோமுக்கு அந்தக் கோபம் ஒன்பது வருஷமாகியும் ஆறவில்லை.

முத்துராஜுக்குச் சென்னை கொளத்தூரில் பட்டறை. பழைய கார்களை வாங்கிப் பிரித்து, பழைய அழகுக்குக் கொண்டுவந்து விற்பது அவருடைய தொழில். 'ஓடும் நிலையில் உள்ளது, வேலை நிறைய இருக்கிறது' என்று எழுதி ஜாக்குலின் போனில் போட்டிருந்த நான்கு படங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சாக்கை விரித்து, சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.

"உப்புக் காத்து தின்னுட்டுது மேடம். தரைத் தகடு மொத்தமும் மாத்தணும். இதோ, என் விரல் உள்ள போகுது பாருங்க. வயரிங் புதுசா இழுக்கணும். இந்த ஹெட்லைட் வளையம் அம்பாசடரோடது." வெளியே வந்து முன்பக்கத்தைத் தடவினார். "கிரில் மட்டும் ஒரிஜினல். இது இப்ப எங்கயும் கிடைக்காது."

"ஆனா ஓடுது சார்."

"ஓடுது. அதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். இரண்டாவது தடவையில் எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்ததும் அது போய்விட்டது. ஸ்ப்ரிங்குகள் எல்லாம் நசுங்கித் தட்டையாகக் கிடந்தன. துருப்பிடித்த தகட்டின் இடுக்குகளில் பருத்த அரிசி மணிகள் கைப்பிடி அளவுக்கு இருந்தன.

"நண்டுதானே ஏத்துறேன்னு சொன்னீங்க?"

ஜாக்குலின் மறைத்து விற்க மனம் வராமல் சொன்னாள். "ரேஷன் அரிசி. என் தம்பி ஏத்துறான். வண்டி மேல கேஸு ஒண்ணும் கிடையாது சார். கேஸு வர்றதுக்குள்ள வித்துடணும்னுதான் பாக்குறேன்."

புருஷன் விட்டுப் போன பிறகு, பதினாறு வருஷமாக ஜாக்குலினுக்கு நண்டும் இறாலும்தான் பிழைப்பு. கரைக்கு வருகிற சரக்கை விடியலிலேயே வாங்கி, ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, காரில் ஏற்றி ஆந்திர எல்லை தாண்டித் தடாவில் இருக்கும் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். எல்லைச் சோதனைச் சாவடியில் இருப்பவர்களுக்கு அவளைத் தூரத்திலேயே தெரியும். நண்டு நாற்றம் வீசுகிற கிழட்டு ஃபியட்டை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அது ஜெரோமுக்குத் தோன்றியது. அவன் ஆதிநாராயணனிடம் வேலை பார்த்தான். ஆதிநாராயணன் வீடு வீடாக ரேஷன் அரிசி வாங்கிச் சேர்த்து ஆந்திரப் பக்கம் தள்ளுகிறவன். வேன், லாரி எதில் ஏற்றினாலும் சாவடியில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள். அக்காவின் காரைத் தொட மாட்டார்கள். முதலில் மாதம் ஒரு தடவை என்று கெஞ்சிக் கேட்டான் ஜெரோம். பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு கேட்பதை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனான். போன ஞாயிற்றுக்கிழமை அவள் சாவியைத் தர மறுத்து, கார் கதவைத் திறந்து வைத்து அதன் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்தாள். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் கதவை அறைந்து சாத்தினான்.

முத்துராஜ் ஆர்.சி. புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். யாருக்கோ போன் செய்து கார் நம்பரைச் சொல்லி விசாரித்தார். வழக்கு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு விலை பேசி, முன்பணத்தைப் போனிலேயே அனுப்பினார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு ரெக்கவரி வண்டியோட வரேன். அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருங்க மேடம்."

"இருக்கும் சார்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் வாசல் குழாயடியில் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெரோமின் பைக் வந்தது. ஸ்டாண்ட் போடாமல் அதை மணலில் சாய்த்துப் போட்டுவிட்டு வந்தான்.

"காரை வித்துட்டியா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு வித்த?"

"யாரைக் கேக்கணும்? வண்டி என் பேர்ல இருக்குது."

"அது நைனா வண்டி!"

"நைனா அதுல அரிசியா கடத்தினாரு?"

அறை காதோடு சேர்ந்து விழுந்தது. பெட்டிகள் சரிய, அவள் ஈர மணலில் உட்கார்ந்தாள். எழுவதற்குள் அவன் தலைமுடியைப் பிடித்துவிட்டான். வாசலிலிருந்து வீட்டுக்குள் இழுத்துப்போனான். முழங்கால் இரண்டும் சிமெண்ட் படியில் தேய்ந்து தோல் உரிந்தது. சாவி எங்கே, சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டே அரிசி டின்னைக் கவிழ்த்தான், தலையணையைக் கிழித்தான், பைபிள் வைத்திருந்த மரப்பெட்டியைச் சுவரில் வீசினான். சாவி குழாயடியில், ஒரு ஐஸ் பெட்டியின் அடியில் கிடந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. விலாவில் ஒரு உதை விழுந்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. இன்னொரு உதை.

"வேணாம். சாவி இல்லாமலே கிளப்புறேன் பாரு."

அவன் வெளியே ஓடிப்போய்க் காரில் ஏறினான். ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு வயர்களை இழுக்கத் தொடங்கினான். ஜாக்குலின் சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு நடந்தாள். பழைய வண்டிகளை முன்னால் நின்று சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். பின் கதவைத் திறந்து அதை எடுத்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தான். திறந்திருந்த முன் கதவின் வழியாக, அந்தக் கையின் மேல் முழு பலத்தோடும் அடித்தாள்.

காய்ந்த சவுக்குக் குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

ஜெரோம் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி காரிலிருந்து சரிந்து மணலில் உட்கார்ந்தான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கை வேறு பக்கமாக வளைந்திருந்தது.

"அக்கா," என்றான். "கை போச்சுக்கா."

அந்தக் குரலை அவள் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. ஹேண்டிலைக் கீழே போடாமல் நின்றாள். அடுத்த அடிக்கு அவள் தோள் தயாராக இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

"நாளைக்குப் பத்து மூட்டைக்கா. காலைல கார் வரணும்னு ஆதிநாராயணன் சொல்லியிருக்காரு. வரலைன்னா என்னை உசுரோட வுட மாட்டானுங்க."

"நீ ஏன் ஒத்துக்கின?"

அவன் இடது கையால் சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயிற்றில் வரிசையாக மூன்று தீக்காயங்கள். ஒன்றில் இன்னும் நீர் கசிந்தது. "பைக்கு சைலன்சர்ல வெச்சி அழுத்தினானுங்க. ரெண்டு மூட்டை குறைஞ்சிதுன்னு. நான் எடுக்கலைக்கா. அம்மா மேல சத்தியமா நான் எடுக்கலை."

ஜாக்குலின் ஒரு பலகைத் துண்டையும் பழைய துணியையும் எடுத்துவந்து அவன் கையைக் கட்டினாள். கட்டி முடித்ததும், "ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கேர்ந்து நேரா ஸ்டேஷனுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லு. நானும் வரேன்," என்றாள்.

"சாவி குடுக்கா."

"தர மாட்டேன்."

அவன் அவள் காலடியில் துப்பிவிட்டு எழுந்தான். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே போனான்.

அன்றைக்கு முழுக்க அவளால் சாப்பிட முடியவில்லை. விலா வலி ஒரு காரணம். அந்த எலும்புச் சத்தம் கேட்ட நொடியில் தனக்குள் ஏறிய சந்தோஷம் இன்னொரு காரணம். அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவள் அவள். அவன் பிறந்தபோது அவளுக்கு ஏழு வயது.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜெரோமின் மனைவி ஜமுனா காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"அண்ணி, அவரைக் கொல்றானுங்க! பழைய காளவாயாண்ட! துடுப்பால அடிக்கிறானுங்க. நான் காலைப் புடிச்சேன், என்னையும் உதைச்சானுங்க. காரை எடுத்துக்கினு வந்தாத்தான் வுடுவோம்னு சொல்றானுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா அவன்?"

"போனாரு. கட்டுப் போட்டுக்கினு வந்தாரு. காலங்காத்தால வந்து வூட்லேர்ந்து இழுத்துக்கினு போனானுங்க."

ஜாக்குலின் சாவியை எடுத்தாள். ஜெரோம் பிடுங்கிப் போட்டிருந்த வயர்களை முந்தின சாயங்காலமே முறுக்கி ஒட்டியிருந்தாள். தடாவுக்குக் கொண்டுபோக ஏற்றி வைத்திருந்த ஒரு ஐஸ் பெட்டி முன் சீட்டில் இருந்தது. அதை இறக்கவில்லை. ஜமுனா பின்னால் ஏறிக்கொண்டாள். கார் கிளம்பியதும், "குடுத்துடுங்க அண்ணி. கார் போனா போவட்டும்," என்று அழுதுகொண்டே வந்தாள். குடுக்கத்தான் போகிறோம் என்றுதான் ஜாக்குலினும் நினைத்திருந்தாள்.

கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காளவாய் அது. இப்போது வேலை நடப்பதில்லை. செங்கல் சுவர் மட்டும் ஏரியைப் பார்த்து நிற்கும். சுவரின் நிழலில் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஜெரோம் அவற்றுக்குப் பக்கத்தில் கிடந்தான். மாவுக்கட்டுப் போட்ட கை மண்ணில் புரண்டு சேறாகியிருந்தது. இரண்டு ஆட்கள் அவன் தோளை மிதித்துக்கொண்டு நிற்க, ஆதிநாராயணன் துடுப்பை ஓங்கி அவன் தொடையில் இறக்கினான். துணியைத் துவைக்கிறவனைப் போல நிதானமாக அடித்தான். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டை. சட்டையில் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை.

காரைப் பார்த்ததும் துடுப்பை ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி முன்னால் வந்தான்.

"வாம்மா! இதை நேத்தே பண்ணியிருந்தா இவனுக்கு இவ்ளோ அடி வுழுந்திருக்குமா? இப்பிடி ஓரமா வுடு, மூட்டை ஏத்தணும்."

சுவருக்கும் காருக்கும் நடுவில் நின்று, ஒரு கையைத் தூக்கி வழி காட்டினான். இருபதடி தூரம். முதல் கியரில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. அப்போது ஜெரோம் தலையைத் தூக்கினான். அவன் தாடை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கியது. எதையோ சொல்ல வந்தான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும்தான் வந்தன.

ஜாக்குலினின் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதை எடுத்து, பக்கத்தில் வைத்து, அழுத்தினாள்.

இதைப் பிறகு எத்தனையோ முறை அவள் நினைத்துப் பார்த்தாள். ஒரு முறைகூடக் கால் தவறிப்போனதாக நினைவு வரவில்லை.

எஞ்சின் அலறியது. ஆதிநாராயணன் சிரிப்பு மாறாமலே ஒரு பக்கமாக விலகப் பார்த்தான். வலது கால் விலகவில்லை. கார் அவன் காலோடு சேர்த்துச் சுவரில் மோதியது. கிரில் உள்ளே போனது. செங்கற்கள் பானெட்டின் மேல் உதிர்ந்தன. அவன் பானெட்டின் மேல் கவிழ்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தூரத்தில் அவள் முகத்தைப் பார்த்து அலறினான். அவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஆள் செங்கல்லை எடுத்து எறிந்தான். முன் கண்ணாடி உடைந்து அவள் மேல் கொட்டியது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மூடியது. ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவன் இரண்டாவது கல்லை எடுக்கக் குனிந்தபோது தோளில் அடித்தாள். அவன் எழுந்து ஓடினான். துடுப்போடு நின்ற இன்னொருவன், ரத்தம் வழியும் முகத்தோடு தன்னை நோக்கி நடந்து வருகிற அந்தப் பெண்ணைப் பார்த்தான். துடுப்பைப் போட்டுவிட்டு அவனும் ஓடிப்போய், முதலாமவன் கிளப்பிய பைக்கில் தொற்றிக்கொண்டான்.

ஆதிநாராயணனின் அலறல் மட்டும் மிச்சமிருந்தது. "எடு… வண்டியை எடும்மா… எடு…"

ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டாள். கார் பின்னால் நகர்ந்ததும் அவன் சுவரோரமாக வழிந்து விழுந்தான். முழங்காலுக்குக் கீழே வேட்டி முழுக்கச் சிவப்பாக இருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ரேடியேட்டரிலிருந்து நீர் சொட்டியது. ஆனாலும் எஞ்சின் நிற்கவில்லை.

இரண்டு பெண்களுமாக ஜெரோமைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். ஜமுனா கதவைச் சாத்தப் போனாள். ஜாக்குலின் தடுத்தாள்.

"அவனையும் தூக்கணும்."

"இன்னா அண்ணி சொல்றீங்க? அங்கியே கெடந்து சாவட்டும் அவன்!"

ஜாக்குலினும் அதைத்தான் விரும்பினாள். ஆதிநாராயணன் காலைப் பிடித்துக்கொண்டு புரள்வதைப் பார்த்தாள். அவனைச் சுற்றி மண் கறுத்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் ஆளில்லை. ஆம்புலன்ஸ் அந்த மண் பாதையைக் கண்டுபிடித்து வர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

"கொலை பண்ணிட்டு என்னால நண்டு விக்க முடியாது ஜமுனா. புடி, தூக்கு."

முன் சீட்டிலிருந்த ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை அங்கே உட்கார வைத்தார்கள். ஜமுனாவின் புடவைத் தலைப்பைக் கிழித்துத் தொடையை இறுகக் கட்டினாள் ஜாக்குலின். பெட்டியை ஜமுனா தன் காலடியில் வைத்துக்கொண்டாள். எளாவூர்ப் பாதைக்கு வருவதற்குள் காரின் சூடு ஏறி முன்னால் ஆவி அடித்தது. நிறுத்தி, பெட்டியிலிருந்த ஐஸ் தண்ணீரை நண்டோடு சேர்த்துக் காரில் கிடந்த வாளியில் கவிழ்த்து, நண்டுகளை விலக்கிவிட்டுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினாள். இரண்டு தடவை அப்படி நிறுத்த வேண்டியிருந்தது.

முதல் தடவை நிறுத்தியபோது ஆதிநாராயணன், "உன்னை வுட மாட்டேன். குடும்பத்தோட எரிப்பேன்," என்றான். இரண்டாவது தடவை, "தாயி, சீக்கிரம் போ தாயி," என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை. பின்னாலிருந்து ஜெரோமின் மூச்சு நீர் கொதிப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று முகத்தில் அடித்தது. நெற்றி ரத்தம் காய்ந்து இமையோடு ஒட்டிக்கொண்டது. அவள் ஒற்றைக் கண்ணால் பாதையைப் பார்த்து ஓட்டினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்ட்ரெச்சர்களும் அடுத்தடுத்து உள்ளே போயின. நெற்றியில் ஆறு தையல் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது எஸ்.ஐ. காத்துக்கொண்டிருந்தார். ஆதிநாராயணனிடம் ஏற்கெனவே வாக்குமூலம் வாங்கியிருந்தார்.

"ஆக்சிடென்ட்னு சொல்றான். பிரேக் பிடிக்கலையாம். புகார் வேணாமாம். நீ என்னம்மா சொல்ற?"

காளவாயில் கிடக்கும் மூட்டைகளைப் பற்றி ஆதிநாராயணனுக்கு நினைவிருந்தது. அவன் வாயை அடைத்தது அதுதான் என்று ஜாக்குலினுக்குப் புரிந்தது. "ஆமா சார்," என்றாள்.

"உன் தம்பிக்கு?"

"அவனும் வண்டியில அடிபட்டான்."

"கார் கால் மேல ஏறும். தாடை மேல எப்படிம்மா ஏறும்?"

அப்போதுதான் முத்துராஜ் வந்தார். பத்து மணிக்கு வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் கேட்டு, ரெக்கவரி வண்டியோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டிருந்தார். வாசலில் நின்ற காரை முதலில் பார்த்தார். நொறுங்கிய கிரில்லைக் கையால் தொட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். முன் சீட்டிலும் பின் சீட்டிலும் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுத்தார்.

எஸ்.ஐ. அவரைக் கூப்பிட்டார். "நீங்கதான் வண்டி வாங்குறவரா? வியாழக்கிழமை ஓட்டிப் பாத்தீங்களாமே. பிரேக் எப்படி இருந்துச்சு?"

முத்துராஜ் ஜாக்குலினைப் பார்த்தார். நெற்றித் தையலையும், வீங்கிய கன்னத்தையும், துணி கட்டிய விரல்களையும் பார்த்தார். அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"மோசம் சார். அறுவது வருஷத்து வண்டி. ரெண்டு மூணு தடவை மிதிச்சாத்தான் பிடிக்கும். அதனாலதான் நான் ஓட்டிக்கிட்டுப் போகாம ரெக்கவரி வண்டி கொண்டுவந்தேன்."

எஸ்.ஐ. அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை மூடினார். காளவாயிலிருந்த மூட்டைகள் அன்று மதியமே பறிமுதல் ஆயின. காரைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஸ்டேஷன் வாசலில் படிவங்களில் கையெழுத்துப் போட்டாள். முத்துராஜ் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். கிரில் போனதற்கு மட்டும் என்றார். அவள் பேரம் பேசவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்திருந்தாள்.

"சீட்டைத் துடைச்சிக் குடுத்துடுறேன் சார்."

"வேணாம் மேடம். எப்படியும் கிழிச்சித்தான் போடப் போறேன்."

ரெக்கவரி வண்டியின் பலகைகளை இறக்கினார்கள். கயிறு கட்டி இழுக்க ஆள் வந்தான். ஜாக்குலின் தானே ஏற்றுவதாகச் சொன்னாள். தண்ணீர் ஊற்றி, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினாள். மூன்றாவது தடவையில் கிளம்பியது. பலகைகளின் மேல் ஊர்ந்து ஏறி, சரியான இடத்தில் ஒரே மிதியில் நிறுத்தினாள். சக்கரம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இறங்கி வந்து சாவியைக் கொடுத்தாள்.

"பிரேக் நல்லா இருக்குது சார். ஆடித் திருநாளுக்கு முன்னாடிதான் லைனிங் மாத்தினேன். உங்களாண்ட சொல்லணும்ல."

"தெரியும் மேடம்," என்றார் முத்துராஜ். "நான்தானே ஓட்டிப் பாத்தேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்துவிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே திரும்பியது. அவள் அழவில்லை. காலையிலிருந்து சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. ஒரு டீயும் பன்னும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டாள்.

ஆதிநாராயணனைச் சென்னைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். மூட்டைகள் சம்பந்தமாக அவன் மேல் வழக்கு வந்திருந்தது. அவன் ஆட்கள் யாரும் சுண்ணாம்புக்குளம் பக்கம் வரவில்லை. வரமாட்டார்கள் என்று நம்புவதற்கும் எதுவும் இல்லை. வாசல் கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் பைக்குள் வைத்திருந்தாள்.

ஜெரோம் பொது வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் பேச முடியாது. ஒரு கை மாவுக்கட்டில், ஒரு தொடையில் தகடு. ஜமுனா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

ஜாக்குலின் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கார் போய்விட்டது என்று சொன்னாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். குட்டியானை லோடு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, பார்க்கப் போகிறேன் என்று சொன்னாள். அதற்கும் கண்ணை மூடித் திறந்தான்.

பிறகு திடீரென்று இடது கையைத் தூக்கினான்.

ஜாக்குலின் தலையைக் குனிந்து, முழங்கையால் முகத்தை மறைத்துப் பின்னால் சாய்ந்தாள். ஸ்டூல் தரையில் கிறீச்சிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். யோசித்து அவள் அப்படிச் செய்யவில்லை. அவள் உடம்பு செய்தது.

ஜெரோமின் கை பாதி தூரத்தில் நின்றது. அவன் கண்கள் அவள் முழங்கையின் மேலேயே இருந்தன. அந்தக் கையை மெதுவாக இறக்கி, போர்வைக்குள் வைத்துக்கொண்டான். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக்கூட அவன் கையை வெளியே எடுக்கவில்லை.

"தண்ணி கேக்குறாரு அண்ணி," என்றாள் ஜமுனா. "ஜன்னல்ல இருக்குது பாருங்க."

ஜாக்குலின் முழங்கையை இறக்கினாள். ஜன்னலிலிருந்த டம்ளரை எடுத்து, ஸ்பூனில் தண்ணீரை முகந்து, கம்பிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் சிறிது சிறிதாக விட்டாள். அவன் விழுங்கும்வரை காத்திருந்து மறுபடி முகந்தாள். டம்ளர் காலியானதும் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, ஐந்தரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜமுனாவிடம் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.